எரியுதா, டாக்டரம்மா?

— முதல் நாள் என்கிட்ட என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?

— வணக்கம்னு சொல்லியிருப்பேன்.

— வணக்கமா? நல்லா இருக்கே! கீழ பார்க்கிங்ல குப்பையைப் போட்டுட்டு லிஃப்டுக்கு நிக்கறேன். இந்தக் காருக்குள்ள இருந்து ஒரு குரல்... 'ஏங்க, கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க'ன்னு!

— பிரேக் போட்டா லைட் எரியுதான்னு பாக்கச் சொன்னேன். ஒத்தை ஆளா அதை எப்படிங்க பாக்கறது? கால் இங்க, லைட் அங்க.

— 'எரியுதா?'ன்னீங்க. 'எரியுது'ன்னேன். உடனே இன்ஜினை அணைச்சு, கார் உறையை இழுத்து மூடிட்டீங்க. நான் என்னமோ எங்கயோ கிளம்பப் போறார்னு நினைச்சேன்.

— பைத்தியம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க.

— அன்னைக்கு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் அதையே கேட்டீங்க பாருங்க... அப்பதான்.

— சரி சரி, இந்த உறையை அந்தப் பக்கம் பிடிங்க. மடிச்சு வச்சுடலாம். வண்டியை வாங்கறவர் வர்ற நேரம்.

— எப்படி ஆளு அவர்?

— தன்மையாப் பேசறார். போன்ல கேட்டார், 'எவ்வளவு நாளைக்கு ஒருக்கா ஓட்டுவீங்க?'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வாரத்துக்கு ஒரு தடவைன்னேன்.

— ஓட்டறதா! ஸ்டார்ட் பண்றேன்னு சொல்லுங்க. நான் பாத்த வரைக்கும் இந்தத் தூணைத் தாண்டினதில்ல இது.

— பழைய கார் வச்சிருக்கறவங்க பாதிப் பேர் அப்படித்தான் டாக்டரம்மா. ஓட்டறது கொஞ்சம், துடைக்கறது அதிகம்.

— டாக்டர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். கண்ணைப் பாத்து பவர் எழுதித் தர்றேன், அவ்வளவுதான்.

— எனக்கு நீங்க டாக்டரம்மாதான்.

— ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணிக்கிட்டு மேலயும் கீழயுமா போனவர்... நேரா போக ஒரு காரை வாங்கி, அதையும் நிறுத்தியே வச்சிருக்கீங்க.

— நான் மட்டும் வாங்கினதில்ல. என் சம்சாரமும் நானும் சேந்து வாங்கினது. அவ இருந்த வரைக்கும் வாராவாரம் போவோம். எங்கன்னு இல்ல... போய்ட்டே இருப்போம். பெட்ரோல் பாதி ஆனா திரும்பிடுவோம்.

— அவங்க போனதுக்கு அப்புறம் எடுக்கவே இல்லையா?

— ஒரே தடவை. சிக்னல்ல நிக்கறேன். முன்னால ஒரு லாரி. அதுல ஒரு நாற்காலி, அதுல ஒருத்தன் ராஜா மாதிரி உக்காந்து தூங்கிட்டு வர்றான். 'அங்க பாரேன்'னு சொல்லப் பக்கத்துல திரும்பினேன்... பச்சை விழுந்தது கூடத் தெரியல. பின்னாடி ஒரே ஹார்ன் சத்தம். அப்படியே திருப்பிட்டு வந்துட்டேன். மகன் கேக்கறான், 'சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்க ஒரு காராப்பா?'ன்னு. அவன் கேக்கறதும் நியாயம்தானே?

— நியாயம்தான். ...வித்துட்டா, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?

— பேப்பர் படிப்பேன். நீங்க?

— எனக்கென்ன... குப்பையை எந்தக் கிழமையும் போடலாம்.

— அதுவும் சரிதான்.

— சரிதான்.

— டாக்டரம்மா... ஒண்ணு கேக்கணும். நேத்து அந்த வாங்கறவரோட மெக்கானிக் வந்து வண்டியைப் பாத்துட்டுப் போனான்.

— சொன்னீங்களே.

— ரெண்டு பிரேக் லைட்டும் எரியலையாம்.

— நேத்துதான் போயிருக்கும்.

— பல்பு கருத்துப் போயிருக்கு. மாட்டற இடம் பச்சை பூத்துக் கிடக்கு. போய் ரொம்ப நாள் ஆச்சுங்கறான்.

— அவனுக்கென்ன தெரியும்!

— போன வாரம் 'எரியுதா?'ன்னு கேட்டேன். 'ஜோரா எரியுது'ன்னீங்க.

— வெயில்ல சரியா...

— தரைக்குக் கீழ ஏதுங்க வெயில்? அதுவும் ஊரு கண்ணுக்கெல்லாம் பவர் பாக்கறவங்க நீங்க.

— கோவமா சார்?

— இல்ல. கேக்கறேன்.

— போன மழைக்காலத்துல ஒரு நாள்... நீங்க மிதிச்சீங்க, ஒண்ணும் எரியல. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் நீங்க சொல்லியிருந்தீங்க, 'இந்த வண்டிக்கு ஒரு பல்பு கூடக் கிடைக்க மாட்டேங்குது, இனி எது போனாலும் தலை முழுகிட வேண்டியதுதான்'னு.

— அது விளையாட்டுக்குச் சொன்னது.

— எனக்கு எப்படித் தெரியும்? வாயில 'எரியுது'ன்னு வந்துடுச்சு. அப்புறம் வாராவாரம் அதே பொய். ...கடைல நாள் பூரா நான்தான் கேக்கறேன் சார். இந்த வரி தெரியுதா, அந்த வரி தெரியுதான்னு. என்கிட்ட ஒருத்தர் ஒண்ணு கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கறது... இங்க மட்டும்தான். ...இந்தாங்க.

— கண்ணாடிக் கூடா? எனக்குத்தான் நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடி இருக்கே.

— திறந்து பாருங்க.

— பல்பு! ரெண்டு! எங்க கிடைச்சுது? நான் ஏறி இறங்காத கடை இல்லையே!

— லென்ஸ் கொண்டு வந்து தர்றவர் ஊர் ஊரா சுத்தறவர். அவர்கிட்ட சொல்லி வச்சேன். பல்பு வந்து கொஞ்ச மாசம் ஆச்சு.

— அப்பவே குடுத்திருக்கக் கூடாதா?

— குடுத்தா குட்டு வெளிப்பட்டுடுமே. பையில போட்டுக்கிட்டே அலையறேன்.

— டாக்டரம்மா... வண்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?

— சுவர்.

— என்ன கலர்?

— வெள்ளை. ஏன் சார்?

— பிரேக்கை மிதிச்சா அந்தச் சுவர்ல செவப்பு விழும். உள்ள உக்காந்தே வண்டிக் கண்ணாடியில பாக்கலாம்.

— அப்ப... பின்னாடி ஆள் நிக்கவே வேண்டாமா?

— என்னைக்குமே வேண்டியிருந்ததில்ல.

— லைட் போன அன்னைக்கு?

— அன்னைக்கே தெரியும். சுவர் வெள்ளையாவே இருந்துச்சு. நீங்க 'எரியுது'ன்னீங்க. நான் 'தேங்க்ஸ்'ன்னேன்.

— அடப்பாவி சார்! தெரிஞ்சுக்கிட்டேவா வாராவாரம் கேட்டீங்க?

— வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியலையே.

— முதல் நாளும் அப்படித்தானா?

— முதல் நாள் லிஃப்ட் வந்து கதவு திறந்துச்சு. நீங்க ஏறல. மூடிக்கிச்சு. மறுபடி பட்டனை அமுக்கினீங்க. திறந்துச்சு. அப்பவும் ஏறல. லிஃப்ட்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

— வீட்டுக்குள்ள போய் என்ன பண்றதுன்னு நின்னேன்...

— எனக்கும் அதேதான். அதான் கூப்பிட்டேன்.

— அப்புறம் எதுக்கு சார் விக்கறீங்க?

— விக்கப் போறேன், விக்கப் போறேன்னு உங்ககிட்ட எத்தனை நாளா சொல்றேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ...உங்க போன் அடிக்குது. அவராத்தான் இருக்கும்.

— அடிக்கட்டும். முதல்ல பல்பை மாட்டறேன். அந்த ஸ்க்ரூவைத் தொலைச்சுடாம கையில வச்சுக்கோங்க... அதைக் குடுங்க... ம், ஆச்சு. நான் உள்ள உக்காந்து மிதிக்கறேன், நீங்க பாருங்க. ...எரியுதா?

— ...

— டாக்டரம்மா? எரியுதா?

— அதான் சுவர் இருக்கே, பாத்துக்கோங்க. பின்னாடி நின்னது போதும் எனக்கு... அந்தக் கதவைத் திறங்க சார். நான் முன்னாடி உக்காரணும். பெட்ரோல் பாதி ஆகற வரைக்கும் கூட்டிட்டுப் போங்க.