நிறம் ஏறாத ஸ்லைடு

"என் மனசாட்சி ஒண்ணும் சொல்லலையே பாஸ்டர்"ங்கீங்க. இந்த வாரத்துல மட்டும் மூணு பேரு சொல்லிட்டீங்க. பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க... ஏம்ப்பா, அந்த ஃபேனுக்குக் கீழ தூங்குறவரைக் கொஞ்சம் தட்டி விடுங்க. ஒரு சின்ன சம்பவம் வச்சிருக்கேன். கேட்டுட்டுத் தூங்கட்டும்.

ஞானசெல்வின்னு ஒரு அம்மா. கழுத்துல தைராய்டு கட்டி. ஆபரேஷன் பண்ணி, தைராய்டுல கட்டி இருந்த பாதியை மட்டும் எடுத்துட்டாங்க. எடுத்த சதையை மைக்ராஸ்கோப்ல பாக்காங்க... சாதாக் கட்டியா? புத்துநோயா? கண்ணுக்குப் பிடிபடல. ரெண்டுங்கெட்டான்!

அதுக்கு ஒரு சோதனை இருக்கு. நம்ம உடம்புல கிருமியைத் தேடிப் பிடிக்க எதிர்ப்புப் பொருள் இருக்குல்லா, அந்த மாதிரி ஒண்ணை மருந்தா செஞ்சு வச்சிருக்காங்க. சதை மேல விட்டா, புத்துநோயோட அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டுன இடம் பழுப்பா மாறும். பழுப்பு வந்தா மீதிப் பாதியையும் எடுக்கணும். வரலைன்னா... வீட்டுக்குப் போகலாம்.

புருஷன் தேவபிச்சை லேப் வாசல்லயே நிக்காரு. பஸ் கண்டக்டர். ஊரையே அதட்டுற மனுஷன், லேப்ல வேலை பாக்குற சுடலைமணி தலையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுதாரு. "தம்பி... ஒரு வார்த்தை சொல்லுய்யா. சோறு எறங்கல."

சுடலைமணிக்கு மனசு கேக்கல. "பழுப்பு வரலண்ணே. டாக்டரம்மா இன்னும் கையெழுத்துப் போடல. ஆனா பயப்படாதீங்க."

ஆனா கீனாவெல்லாம் யாரு காதுல விழும்? மனுஷன் வார்டுக்கு ஓடுதாரு. "செல்வி! ஒண்ணும் இல்லட்டி!" அந்தம்மா கழுத்துக் கட்டோட சிரிக்கா, அழுதா. பத்து நாளைக்கு அப்புறம் வாயைத் திறந்து, "ஒரு டீ வாங்கிட்டு வாங்க"ங்கா.

அங்க லேப்ல டாக்டர் மெஹருன்னிசா, அந்தச் சதை ஒட்டுன கண்ணாடி ஸ்லைடைப் பாக்காங்க. "சுடலை... கன்ட்ரோலைப் பாத்தியா?"

கன்ட்ரோல்னா என்ன தெரியுமா? புத்துநோய்னு ஏற்கனவே நிச்சயமாத் தெரிஞ்ச பழைய சதை ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் அதுக்கும் அதே மருந்தை விடணும். அது பழுப்பா மாறியே ஆகணும்.

"அவசரத்துல... பாக்கல மேடம்."

"பாரு இப்ப."

பாக்கான். பழுப்பு இல்ல! பொட்டு நிறம் இல்ல!

"புத்துநோய்னு தெரிஞ்சதுலயே நிறம் வரலையேடா. அப்ப அந்தம்மாவுக்கு நோய் இல்லன்னா அர்த்தம்? மருந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்!"

ஐயோ... சுடலைமணி ஸ்லைடை அப்படியே வச்சிட்டு ஓடுதான். வார்டுக்குப் போய் நிக்கான். "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க." அந்தம்மா கையில டீ கிளாஸ். "என்ன தம்பி? எதுனாலும் இங்கயே சொல்லுங்க." சிரிச்சிட்டு இருக்கவகிட்ட என்னன்னுய்யா சொல்லுவான்? ஆனாலும் சொன்னான், மருந்து கெட்டது, சோதனை செல்லாதுன்னு.

புது மருந்து வாங்கி, மறுபடி சோதனை. ரெண்டு நாள்! அந்த ரெண்டு நாளும் புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. மூணாம் நாள்... கன்ட்ரோல் பழுப்பு. ஞானசெல்வியோடதும்... பழுப்பு.

மீதிப் பாதியையும் எடுத்தாங்க. பொழச்சுக்கிட்டா. மொத நாள் சேதியை நம்பி வீட்டுக்குப் போயிருந்தா? அந்த டாக்டரம்மா அந்த ஒரு கேள்வியைக் கேக்காம இருந்திருந்தா?

இப்ப உங்ககிட்ட வாரேன். மனசாட்சி ஒண்ணும் சொல்லலைங்கீங்க. சரி. தப்புன்னு உங்களுக்கே நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணை எடுத்துப் பக்கத்துல வைங்க. கூடப்பொறந்த அண்ணன் சாவுக்குப் போகாம வீம்புக்கு வீட்ல இருந்தீங்களே... அது உறுத்துச்சா? படுக்கையில கெடக்க மாமியாரு கூப்பிடக் கூப்பிட, காது கேக்காத மாதிரி இருந்தீங்களே... அது உறுத்துச்சா?

உறுத்துச்சுன்னா, உங்க மனசாட்சிக்கு இன்னும் உசுரு இருக்கு. இந்த விஷயத்துல அது சும்மா இருந்தா நம்பலாம்.

அதுக்கே உறுத்தலையா...?

அப்ப சந்தோஷப்படாதீங்க. பயப்படுங்க.