உப்பும் புளியும் போட்டு விளக்கிய பிளக்

போர்டு படிக்கத் தெரியாத நான், இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரமே கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் தன் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உப்பும் புளியும் போட்டு வெளக்கியும் வண்டி கெளம்பல அண்ணி.”

மடியில் இருந்த துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். மொபெட் எஞ்சினின் ஸ்பார்க் பிளக், குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

“பிளக்கப் போயி யாராச்சும் புளி போட்டு வெளக்குவாங்களாடி?”

“மெக்கானிக் அண்ணன்தான் போன்ல உப்பு போட்டுத் தேய்ங்கன்னாரு. புளி நானாச் சேத்தது.”

“அவரையே வரச் சொல்லேன்.”

“நாளைக்கு நாளைக்குன்னே ஒரு வாரம் ஓட்டிட்டாரு. திங்கக்கெழம விடியக்காலையிலயே சிறுவாச்சூர்ல வேலைக்குச் சேரணும். அந்நேரத்துக்கு நம்மூருல பஸ் ஏது? நாந்தான கழட்டுனேன். புது பிளக்கு வாங்கி நானே மாட்டிக்கிறேன்.”

டிக்கெட் போட வந்த கண்டக்டர் சிரித்துவிட்டார்.

“உப்புத்தாளுன்னு சொல்லியிருப்பாரும்மா. கதவுக்குப் பெயிண்ட் அடிக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, சொரசொரன்னு, அந்தத் தாளு.”

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பிளக்கைத் திரும்பச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

“அப்ப இது கெட்டுப்போவல. தாளு எங்கண்ணே கெடைக்கும்?”

“பெயிண்ட் கடையில.”

“பெரம்பலூர் ரெண்டு குடுங்க. பெயிண்ட் கடைப் பக்கமா நிறுத்துங்க.”