கட்டில்ல ஆளிருந்த வருசம்

அதெப்பிடி கண்ணு, ஒரே வருசத்துல எங்க வருமானம் மூணு மடங்காயிருச்சுன்னு எங்கிட்டயே வந்து சொல்றே? மூணு மடங்கு ஆயிருந்தா இந்தத் தகரம் இப்பிடியா ஒழுகும்? அங்க உக்காராத, சொட்டும். இப்பிடி வா.

போன வருசமும் சர்வேக்கு நீதான் வந்தே, அதுக்கு முந்துன வருசமும் நீதான். என்ன சம்பாதிக்கறீங்க, என்ன திங்கறீங்கன்னு கேட்டுக் கேட்டு அந்த டேப்லட்டத் தட்டுனே. எந்த நாட்டுல ஏழை மேல வர்றான், எந்த நாட்டுல அப்பிடியே கெடக்கறான்னு பிரேசிலு, ஆப்பிரிக்கா, நம்ம மைசூரு எல்லாத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்களாமே. நல்லாப் பாக்கட்டும். ஆனா அத்தன நாட்டுலயும் பொன்னம்மா வீடுதான் எகிறிப்போச்சுன்னா யாரு நம்புவா?

நம்பலயா... அதான் உன்னையத் திருப்பி அனுப்பிச்சாங்களா. என்னது? நீயே வீட்டுல உக்காந்து எழுதிட்டேங்கறாங்களா? வேல போயிருமா?

அட சாமி.

ஏனுங்க, தூங்கறீங்களா? சுஷ்மா மேடத்துக்குக் காப்பி வெக்கோணும், பாலு இல்லீங்க. மழைன்னு வேலைக்குத்தான் போகல, கடைக்காச்சும் போயிட்டு வாங்க. கொடை கதவுக்குப் பின்னால இருக்குது.

போயிட்டாரா, எட்டிப் பாரு... சரி. இப்பக் கேட்டுக்க. மொத வருசம் நீ வந்தப்ப எங்கூட்டுக்காரரு அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தாரு. அவரு காதுல உழுவ நான் என்னத்தச் சொல்றது? நாலு வீட்டுல பாத்தரம் கழுவறேன்னு சொன்னேன். போன வருசம் அவரு ஊருக்குப் போயிருந்தாரு. நெசத்தச் சொன்னேன். அக்ரஹாரத்துக் கடைக்கு ஹோளிகே தட்டிக் குடுக்கறேன்... அதான், நம்ம போளி. கல்யாண சீசன்ல மாவு பெசஞ்சு கையே வீங்கிப்போகும். அவரு சென்ட்ரிங் வேலையில கொண்டாறதவிட எனக்கு ஜாஸ்தி வருது. வருமானம் எங்கயும் ஏறல கண்ணு. அவரு கட்டில்லருந்து எந்திரிச்சுப் போனாரு, அவ்வளவுதான்.

ஏன் மறைக்கறேன்னு பாக்காத. அவங்கண்ணன் கரியப்பன் ஊருல, ஹனூருத் தோட்டத்துல, போர் போட்டுக்கிட்டே இருக்கறாரு. தண்ணி வந்தபாடில்ல. நம்மகிட்டக் காசிருக்குன்னு தெரிஞ்சா அடுத்த குழி எங்காசுலதான். கேட்டா இவரும் குடுத்துருவாரு, நல்ல மனுசன். அதுதான் எனக்குப் பயம். எம்மவ மகேஸ்வரிக்கு நர்சிங் காலேஜுல ஃப்ரீ சீட்டுன்னு நெனச்சுட்டிருக்காரு, ஃபீசு கட்டறது நானு. அவ படிச்சு முடிக்கற வரைக்கும் அப்பிடியே நெனக்கட்டும்.

ஏங்கண்ணு, பிரேசில்லயும் பொம்பளைங்க பதில் சொல்றப்ப வீட்டுக்காரரு கட்டில்ல படுத்திருப்பாரா? அத யாராச்சும் கேட்டு எழுதறாங்களா? எழுதச் சொல்லு.

சரி, இப்ப என்ன பண்ணோணும்? உங்காபீசரு போன் பண்ணி விசாரிப்பாரா? யாருக்கு... குடும்பத் தலைவருக்கா? அவருக்குப் பண்ணுனா எம்மவ படிப்பு போச்சு. பண்ணாட்டி உம்பட வேல போச்சு.

இரு. தலைவரு யாருன்னு மொதக் கேள்வி ஒண்ணு இருக்குதில்ல? அன்னைக்கு நானும் யோசிக்காம அவரு பேரச் சொல்லிப்போட்டேன். அத மாத்து. ரேஷன் கார்டுல என்னையத்தான் போட்டிருக்குது, இங்கயும் போட்டா என்ன? பொன்னம்மான்னு போடு. நம்பரும் என்னுதையே போடு. போன் எனக்கு வரட்டும், இந்தப் புள்ள எழுதுனது அத்தனையும் நெசமுன்னு நானே சொல்றேன்.

தட்டிட்டயா? சீக்கரம், செருப்புச் சத்தம் கேக்குது.

வந்துட்டீங்களா? பாலு கெடச்சுதுங்களா?... ஆமாங் கண்ணு, எழுதிக்க. நாலு வீட்டுப் பாத்தரம். மத்தபடி எல்லாம் அவரு கொண்டாறதுலதான் ஓடுது.