சாவிக்கு ஓடுற வரைக்கும்

பெரியவர்: மெதுவாத் திற. கதவுல கீறல் விழுந்துச்சுன்னா, அப்புறம் நீயும் நானும் பேசிக்க மாட்டோம்.

மைத்துனன்: இப்ப மட்டும் ரொம்பப் பேசிக்கிறோமாக்கும்! சரி அத்தான், என்ன கோளாறு?

பெரியவர்: கோளாறுன்னு ஒண்ணும் இல்ல. சும்மா... கொஞ்சம் மக்கர்.

மனைவி: கொஞ்சமா? சாவியைத் திருப்பினா டொக்குங்குது. அதோட சரி.

பெரியவர்: நீ உள்ள போ.

மனைவி: என் தம்பிக்குக் காபி கொண்டாந்தேன். குடிச்சதும் டம்ளரை எடுத்துட்டுப் போறேன்.

மைத்துனன்: எத்தனை நாளா இப்படி?

பெரியவர்: நேத்திலேருந்து.

மனைவி: ம்க்கும்.

பெரியவர்: ...முந்தாநாளு.

மனைவி: டேய், அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசல்லயே இடம் காலியாக் கெடக்கு. இவரு மேட்டு உச்சியில கொண்டுபோய் நிறுத்திட்டு, கொட்டுற மழையில நடந்து வர்றாரு.

பெரியவர்: அங்கதான் நிழல் இருந்துச்சு.

மைத்துனன்: மழையில நிழலு!

பெரியவர்: வேலையைப் பாரு.

மைத்துனன்: அப்போ இறக்கத்துல விட்டு, ரெண்டாவது கியரைப் போட்டுத்தான் கிளப்புறீங்க.

பெரியவர்: தானா உருளுது. யாரும் கை வைக்கல. உருள்றது வேற, தள்றது வேற. இந்த வீட்டு வண்டி ஒருநாளும் தள்ளிக் கிளம்பினதில்ல.

மனைவி: ஹூம்...

பெரியவர்: என்ன ஹூம்?

மனைவி: ஒண்ணுமில்ல. தோள்பட்டை வலி.

மைத்துனன்: சரி, ஏறி உக்காருங்க. ஹெட்லைட்டைப் போடுங்க. அக்கா, நீ முன்னாடி நின்னு லைட்டையே பாரு. ம்... இப்பத் திருப்புங்க.

பெரியவர்: டொக்குங்குது.

மைத்துனன்: அக்கா, லைட்டு மங்குச்சா?

மனைவி: இல்லடா. அப்படியே பளிச்சுன்னுதான் எரியுது.

மைத்துனன்: அப்போ பேட்டரி நல்லாருக்கு. கரண்ட் ஸ்டார்ட்டர் வாசல் வரைக்கும் வருது. உள்ள போக மாட்டேங்குது.

பெரியவர்: வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போறதா? யாரைச் சொல்ற?

மைத்துனன்: ஸ்டார்ட்டரைச் சொன்னேன் அத்தான்... உங்க தம்பியை இல்ல.

பெரியவர்: அவன் பேச்சு இப்ப எதுக்கு?

மைத்துனன்: நான் கீழ படுத்து ஸ்பேனரால லேசாத் தட்டுறேன். தட்டும்போதே சாவியைத் திருப்புங்க. ம்!

மனைவி: அட, சுத்திடுச்சே!

பெரியவர்: பாத்தியா! ஒண்ணுமே இல்ல. தட்டினா போதும்.

மைத்துனன்: நாளைக்கு உங்க தம்பி பக்கத்துல நிக்கும்போது கீழ படுத்துத் தட்டுறது யாரு? அக்காவா?

பெரியவர்: ...கழட்டிப் பாரு.

மைத்துனன்: முதல்ல பேட்டரி ஒயர். அப்புறம் ரெண்டே போல்ட்டு... அம்மாடி, என்னா கனம்! பிடிங்க அத்தான். மோந்து பாருங்க.

பெரியவர்: கருகின வாடை.

மைத்துனன்: காயில் போயிடுச்சு. கார்பனும் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. இதைத் தட்டிக்கொட்டி எழுப்ப முடியாது. மாத்தணும். பையில புதுசு இருக்கு.

மனைவி: நான் ஒண்ணு சொல்லட்டா? ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லிட்டு உங்க தம்பிகிட்டயே வண்டியைக் கொடுத்துட வேண்டியதுதானே.

பெரியவர்: கொடுக்கிறதா? அப்பா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு சொன்னாரு. "தள்ளாம, சாவிக்கு ஓடுற வரைக்கும் வண்டி மூத்தவனுக்கு. என்னைக்கு ஓடலையோ, அன்னைக்கு இளையவனுக்கு." வருஷம் ஒரு தடவை அவன் வர்றான், பக்கத்துல நிக்கிறான், நான் சாவியைத் திருப்புறேன். கிளம்புது. அவன் போறான். எங்களுக்குள்ள மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

மைத்துனன்: ஒரு காபி கூடக் குடிக்காமயா?

மனைவி: இவரு உக்காருன்னு சொன்னாத்தானே!

பெரியவர்: பேசிட்டே இருக்காதே. மாட்டிட்டியா?

மைத்துனன்: கடைசி போல்ட்டு... ஆச்சு. ஒயர் கொடுத்துட்டேன். இப்பத் திருப்புங்க.

மனைவி: அடேயப்பா! தொட்டதும் கிளம்பிடுச்சு!

பெரியவர்: கேட்டியா சத்தத்தை? புது வண்டிக்குக் கூட இப்படி வராது. வரட்டும் அவன்! நாளைக்கு ஒரு விரலால திருப்பிக் காட்டுறேன்.

மைத்துனன்: போதும் அத்தான், அணைங்க. அக்கா, இன்னொரு காபி.

பெரியவர்: இரு... மச்சான், நான் போன்ல என்ன சொன்னேன்?

மைத்துனன்: வண்டி மக்கர் பண்ணுதுன்னு.

பெரியவர்: ஸ்டார்ட்டர்னு சொன்னேனா?

மைத்துனன்: ...ஒரு யூகம்தான்.

பெரியவர்: இந்த வண்டிக்கு ஒரு கண்ணாடி வாங்கவே நான் ஊர் ஊரா அலைஞ்சேன். நீ யூகத்துலயே ஸ்டார்ட்டரைப் பையில போட்டுக் கொண்டாந்துட்டியா?

மைத்துனன்: அக்கா, காபி...

மனைவி: நீ சொல்லு. நானும் கேக்கிறேன்.

மைத்துனன்: ...உங்க தம்பிதான் எங்கேயோ தேடிப் பிடிச்சு என் பட்டறையில கொடுத்துட்டுப் போனாரு. "அண்ணன் கூப்பிடுவாரு. மாட்டிக் கொடு. நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லாதே"ன்னாரு.

பெரியவர்: அவனுக்கு எப்படித் தெரியும்?

மைத்துனன்: போன வருஷம் அவரு வந்தப்பவே இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சாம். அவரு தெருமுனை தாண்டுற வரைக்கும் நீங்க அணைக்கவே இல்லையாம்.

பெரியவர்: அது... சூடு பண்ணிட்டிருந்தேன்.

மைத்துனன்: அதையேதான் அவரும் சொன்னாரு. "அண்ணன் சூடு பண்றேன்னு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன்"ன்னு.

மனைவி: என்னங்க...

பெரியவர்: கழட்டு.

மைத்துனன்: என்னது?

பெரியவர்: புதுசைக் கழட்டு. பழசையே மாட்டு.

மனைவி: நல்லாத்தானே இருந்தீங்க! காலையில டொக்குன்னு நிக்குமே!

பெரியவர்: நிக்கட்டும். மேட்டுல வேண்டாம், வாசல்லயே சமதரையில நிறுத்து. புதுசைத் துணியில சுத்தி டிக்கியில வை. அவன் பொருள் அவனோட போகட்டும்.

மைத்துனன்: ரோஷப்படாதீங்க அத்தான். அவரு வெளிய சொல்ல மாட்டாரு, நாங்களும் சொல்ல மாட்டோம். இதுவரைக்கும் யாரும் தள்ளாத வண்டி, உங்க பேரு அப்படியே இருக்கும்.

பெரியவர்: போன வருஷம் அது உருளலடா... அவன் வர்றதுக்கு முன்னாடி, பின்னால நின்னு தள்ளினது உன் அக்காதான். அன்னைலேருந்து நான் ஓட்டிட்டிருக்கிறது அவன் வண்டி.