ஒரு நிமிடம் இருபது விநாடி

லோஜன் தம்பிக்கு,

கதையை நான் இன்றைக்கும் முதலில் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறேன். நீலப் பேனை, வலப்பக்கம் மட்டும். இடப்பக்கத்தைத் திருத்தங்களுக்காக விட்டுவைப்பேன். தோட்டத்து ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்குக் கொப்பிக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆபீஸ் கொப்பியை நான் தொடுவதில்லை. லிந்துலைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்குகிறேன். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவள்.

உங்கள் இணையதளத்துக்காக அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். எதைக்கொண்டு எழுதுகிறேன், எழுதும்போது பாட்டுக் கேட்பேனா, இணையத்துக்கு எப்படி வந்தேன் என்பவை எல்லோரும் கேட்பவைதான். கடைசிக் கேள்வியை மட்டும் வேறு யாரும் கேட்கவில்லை. 'பனிக்கூடை' தளத்தில் இரண்டு லட்சம் பேர் கேட்ட அந்த மழைக் கதையின் ஒலிப்பதிவு, தொடக்கத்திலும் முடிவிலும் ஏன் கத்தரித்ததுபோல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல காது. அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

'பனிக்கூடை'யை நானும் விஜிதரனும் சேர்ந்து தொடங்கினோம். அவன் அக்கரப்பத்தனை கடைத்தெருவில் போன் திருத்துகிறவன். திருவிழாக்களில் கீபோர்ட் வாசிப்பான். வீடு எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில், மேல்கணக்கு என்று நாங்கள் சொல்லும் இடத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில். ஒருநாள் ஆபீஸ் கணினியைத் திருத்த வந்தவன் மேசையில் கிடந்த என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் சத்தமா வாசிக்கட்டாங்க்கா?" என்றான். வாசித்தான். என் எழுத்தை இன்னொருவர் வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மூன்று வருடங்களில் நாற்பத்தொரு கதைகள் போட்டோம். நான் எழுதுவேன், அவன் இசை சேர்த்து வாசிப்பான். எழுதும்போது நான் பாட்டுக் கேட்பதில்லை. ஆனால் இசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். துயரமான வரி வருமுன் இசையை நிறுத்திவிட வேண்டும் என்பான். "அந்த எடத்துல கீபோர்ட் அழுதா, கேக்கிறவங்க அழமாட்டாங்கக்கா." அது உண்மை.

போன வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் தளத்தைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல்லை ஏற்கவில்லை. தட்டெழுத்தில் பிழையாக இருக்கும் என்று மூன்று தரம் அடித்தேன். முன்பக்கத்தில் 'கதை, இசை, குரல்: விஜிதரன்' என்று இருந்தது. அதே வாரம் கொழும்பில் அவனுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடைப் பேச்சைப் போனில் பார்த்தேன். அம்மாவுக்கு நன்றி சொன்னான், மனைவி சுதர்ஷினிக்கு நன்றி சொன்னான். தேயிலைச் செடிக்குக்கூட நன்றி சொன்னான்.

அதையும்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விருது பெற்ற கதை எது என்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு மகன் பிறந்து ஒன்பது நாள் இருந்தான். பதினெட்டு வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், என் மடியில் போய்விட்டான். அதை ஒரு கொப்பியில் எழுதி, விஜிக்கு மட்டும் ஒரு தரம் வாசித்துக்காட்டியிருந்தேன். போட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அவன் அதைத் தன் அம்மாவின் கதையாகச் சொல்லியிருந்தான். என் பிள்ளை அவனுடைய தம்பியாகியிருந்தான். கீழே முந்நூறு பேர் அவன் தம்பிக்காக அழுதிருந்தார்கள்.

நேரில் கேட்டேன். அவன் தலையைக் குனியவில்லை.

"அக்கா, ஒரே ஆளு சொல்றமாதிரி வந்தாத்தான் எடுபடுது. உங்க பேரு என் பேருன்னு பிரிச்சா யாரு கேப்பாங்க? நம்ம சனத்தோட கதைதானே, எல்லாம் ஒன்னுதானே?"

"சரி தம்பி" என்றேன். கோபப்பட்டிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்குக் கோபமே வரவில்லை. அதன் பிறகும் அவன் ஆபீஸ் பக்கம் வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு விஜி ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான்.

"அக்கா, இப்படி மழை இனிக் கெடைக்காது. பழைய பிள்ளைக்காம்பரா சாவியைக் குடுங்க."

பிள்ளைக்காம்பரா என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். பழையது மேல்கணக்கின் ஓரத்தில், ஓடைக்கு அப்பால், மலையின் காலடியில் இருந்தது. சுவர் வெடிப்பு விட்டதால் மூடிவிட்டார்கள். சத்தமில்லாத இடம் என்று விஜி அங்கே போய், போனையும் அணைத்துவைத்துவிட்டுத்தான் ஒலிப்பதிவு செய்வான்.

"சுதாகிட்ட சொல்லிறாதீங்கக்கா. அந்தச் சுவருன்னா அவளுக்குப் பயம். டவுனுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். ஆமா, புதுசா என்னமாச்சும் எழுதினீங்களா?"

எழுதியிருந்தேன். சாவியோடு கொப்பியையும் கொடுத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். சிங்களத்தில், பதற்றமில்லாமல், மேல்கணக்கில் மண்சரிவு அபாயம், ஒரு மணிக்குள் எல்லோரையும் இறக்கிவிடுங்கள் என்றார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, லயத்துத் தலைவர் செல்லசாமி அண்ணனுக்கு உடனே அழைத்தேன். எங்கள் ஆட்கள் நல்லவர்கள், சொன்னதும் இறங்கினார்கள். இருபத்தாறு குடும்பங்கள், நூற்று மூன்று பேர். பள்ளிக்கூடத்து வாசலில் குடையோடு நின்று ஒவ்வொரு பெயராக நானே சரிபார்த்தேன். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தோட்டத்து மேலாளரான பெரிய துரை பிற்பாடு எல்லோர் முன்னிலையிலும் எனக்கு நன்றி சொன்னார்.

பட்டியலில் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. சுதர்ஷினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இவரு போன் வேல செய்யல. டவுனுக்குன்னு காலையில போனாரு."

"அப்ப டவுன்லதான் இருப்பாரு. மழை விட்டதும் வருவாரு."

செல்லசாமி அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். நனைந்துபோயிருந்தார். "வேற யாரும் மேல இல்லையே தங்கச்சி? இருந்தாச் சொல்லுங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்திர்றேன்" என்றார்.

"இல்லண்ணே" என்றேன்.

ஒரு எட்டு என்று அவர் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அப்போது ஓடைப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கவில்லை.

கதையில் எதைச் சொல்வது என்பது சுலபம் தம்பி. எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு செய்தி. அதுவும் அவனே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட செய்தி.

இரண்டு பத்துக்கு நான் ஆபீஸில் தனியாக இருந்தபோது என் போன் அடித்தது. விஜியின் பெயர் விழுந்தது. ஒன்பது தரம் அடித்து நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி அடிக்கவில்லை. இரண்டு முப்பத்தைந்துக்கு மலை இறங்கிய சத்தம் கேட்டது. பெரிய லொறியொன்று கல்லைக் கொட்டுவதுபோல இருந்தது, கொஞ்சம் நீளமாக. அதற்குப் பிறகு மழைச் சத்தம்கூடக் குறைந்ததுபோல் தோன்றியது.

மண் சரிந்து நான்காம் நாள்தான் அவனை எடுத்தார்கள். சாவி எப்படி அவன் கைக்குப் போனது என்று பொலிஸார் கேட்டார்கள். ஆணியில்தான் எப்போதும் தொங்கும், யாரும் எடுக்கலாம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அவன் சட்டையின் உள்பையில், பொலித்தீன் சுற்றி, ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. சுதர்ஷினி அதை என்னிடம் கொண்டுவந்தாள். கடவுச்சொல் எழுதிய துண்டையும் தந்தாள். அது மகளுடைய பெயரும் பிறந்த வருடமும். "என்னால கேக்க முடியாதுக்கா. நீங்க கேட்டுப்பாத்து, போடுறதுன்னாப் போடுங்க" என்றாள்.

கேட்டேன். கதையை அவன் இவ்வளவு நன்றாக அதற்கு முன் வாசித்ததில்லை. தொடக்கத்தில் 'கதை, இசை, குரல்: விஜிதரன்' என்று சொல்லியிருந்தான். அந்த நான்கு விநாடியை வெட்டினேன். 'எழுத்து: இந்திராதேவி. குரல்: அமரர் விஜிதரன்' என்று தளத்தில் போட்டேன்.

முடிவில் வெட்டியது ஒரு நிமிடம் இருபது விநாடி. அதில் கதவு திறக்கிறது. ஓடை இரைகிறது. அவன் போனில் எண்ணை அழுத்துகிறான். "அக்கா, எடுங்க. தண்ணி பாலத்தை மூடிருச்சு. யாரையாச்சும் கயித்தோட அனுப்பச் சொல்லணும். எடுங்கக்கா." மணி அடித்து ஓய்கிறது. கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு சாதாரணக் குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: "கைவேலையா இருப்பாங்க. பாத்ததும் எடுப்பாங்க." கருவியை நிறுத்துகிறான்.

அந்தத் துண்டை நான் அழித்துவிட்டேன். ஆனால் அது எனக்கு மனப்பாடம்.

இதை உங்கள் தளத்தில் போடுவதும், பொலிஸுக்கு அனுப்புவதும் உங்கள் இஷ்டம். நான் மறுக்கப்போவதில்லை. அவன் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன்.

ஒன்றை மட்டும் தவறாக எண்ணிவிடாதீர்கள். நான் மனமில்லாதவள் அல்ல. தளத்தில் போட்ட மறுநாள் சுதர்ஷினி ஆபீஸுக்கு வந்தாள். "கடைசியில என்னமும் பேசினாராக்கா?" என்று கேட்டாள். "மழைச் சத்தம்தான் இருக்கு தங்கச்சி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.