பச்சை வண்டி எடுத்த காரணம்

பெரிய வண்டி வாங்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது. உட்கார்ந்தால் எந்த வண்டியும் பிடித்துவிடும். நான் படுத்தேன். விற்பனைக்கூடத்தின் பளபளப்பான தரையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு வண்டிக்கும் அடியில் போய்ப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார் மாதிரி யாரும் பாத்ததில்ல சார்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மேடம், நீங்கள் கேட்டது ஓடையில் நடந்ததைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். வண்டியைச் சொல்லாமல் ஓடையைச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

இரண்டுமே நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள். இரண்டிலும் ஏழு பேர் உட்காரலாம். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. வெள்ளை ஆட்டோமேட்டிக், ஒரு பொத்தானைத் திருகினால் சேறு, மணல், கல் என்று வண்டியே பார்த்துக்கொள்ளும். பச்சை பழைய பாணி. கிளட்ச், கியர், கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர். அந்த லீவரைப் போட்டால்தான் முன் சக்கரங்கள் இழுக்கும். போடத் தெரியாவிட்டால் அது வெறும் கனமான வண்டி. இரண்டு மாதம் ஒரு நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைதான் ஒரு படி மேலே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

என் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்போது ஒரு சின்ன சிவப்புக் கார் வைத்திருந்தாள். சாயங்காலம் ஐந்தே காலுக்கு வந்து வாசலில் நிறுத்துவாள். இறங்க மாட்டாள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பேன். போன் பேசுவதில்லை, பாட்டுக் கேட்பதில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிடம். சில நாள் பன்னிரண்டு. ஒருநாள் கேட்டேன்.

"சும்மாதாங்க. இறங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா..." என்று யோசித்தாள். "எதுக்குமில்ல."

வேறு ஆள் இருக்கிறானோ என்ற சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்திருந்தால் சுலபம். ஆளைத் தேடிப் பிடித்துப் பேசித் தீர்த்திருக்கலாம். பத்து நிமிடத்தை எங்கே போய்த் தேடுவது? வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், இரண்டையும் பார்த்துக்கொண்டே ஒருத்தி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். என் இடத்தில் யார் இருந்தாலும் மூச்சு முட்டும்.

அவளையும் விற்பனைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அவளைக் கேட்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. வெள்ளை வண்டியில் ஏறினாள். இருக்கையை முன்னால் தள்ளிக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். "இது நல்லா இருக்குங்க. இதுன்னா நானும் ஓட்டலாம்" என்றாள்.

விற்பனையாளரும் சேர்ந்துகொண்டார். "ஆமா சார். வீட்ல மேடமும் ஓட்டுவாங்கன்னா வெள்ளையே எடுங்க. பச்சை பழக்கமில்லாதவங்களுக்குக் கஷ்டம்."

இரண்டு மாதமாக நோட்டால் முடியாததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்தார். பச்சைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் அவள் கோபப்படவில்லை. "உங்களுக்குப் பிடிச்சா சரிதாங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "எனக்கும் கத்துக் குடுப்பீங்கல்ல?" என்று கேட்டாள்.

"குடுக்காம என்ன" என்றேன்.

உங்கள் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது, மேடம். மலைமேல் வேலை கிடைத்ததால் பெரிய வண்டி வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முறை அப்படி இல்லை. முதலில் வண்டி. பிறகுதான் மலை. நான் செல்போன் டவர்களைப் பராமரிக்கிற பொறியாளன். அந்த மலை டவருக்குப் போக ஆளில்லாமல் நான்கு வருடமாக இடம் காலியாகக் கிடந்தது. நானாகவே எழுதிக் கேட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "குடும்பத்தோடயா போறீங்க? நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, கம்பி வேலி, ஜெனரேட்டர் கொட்டகை. வீட்டிலிருந்து கால் மணி நேரம் கீழே நடந்தால் ஓடை. பாலம் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் தார் ரோடு. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர், மற்ற மாதங்களில் இடுப்பளவு, காலுக்கடியில் உருளுகிற கல். சாதாரண வண்டி இறங்காது. அவளுக்கு நீந்தத் தெரியாது. சிவப்புக் காரை விற்றுவிட்டோம். ஓடை தாண்டாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையெழுத்துப் போட்டது அவள்தான். வேலையை விட்டதற்கும் அவளே எழுதிக்கொடுத்தாள். தேதியை மட்டும் நான் நிரப்பினேன்.

அடைத்து வைத்திருந்தேன் என்று அவள் தங்கை சொல்லியிருப்பாள். வீட்டுக்கு மேலேயே டவர். அந்த வட்டாரத்திலேயே எங்கள் வீட்டில்தான் சிக்னல் முழுசாக இருக்கும். தினமும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசுவாள். எந்த ஊர் சிறையில் இப்படி சிக்னல் கொடுக்கிறார்கள்? மாதம் இரண்டு முறை நானே கடைக்குக் கூட்டிப்போய் நானே கூட்டிவந்தேன். வீட்டுக்கு நான் பூட்டே போட்டதில்லை. வண்டிச் சாவி சட்டைப் பையில் இருக்கும். குளிக்கும்போது குளியலறைக்குள் ஆணியில் தொங்கும்.

ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் செய்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த சமதளத்தில் இரண்டு நாள். கிளட்ச் விட்டு நகர்த்தவும் நிறுத்தவும் பழகிக்கொண்டாள், கெட்டிக்காரி. "இந்தச் சின்ன லீவர் எதுக்குங்க?" என்று கேட்டாள். "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். லீவரின் தலையில் எப்படிப் போடுவது என்று ஒரு படம் செதுக்கியிருக்கும். அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு வழவழப்பான மரக்குமிழ் ஒன்றைப் போட்டிருந்தேன். கைக்கு இதமாக இருக்கும் என்பதற்காக.

சில வாரம் கழித்துப் பார்த்தேன். சாயங்காலமானால் நின்றிருக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்டீயரிங்கில் கை. அதே பத்து நிமிடம். மறுநாளிலிருந்து வண்டியைப் பூட்டினேன்.

எட்டாவது மாதம் தங்கை இரண்டு போலீஸ்காரர்களோடு ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவர்கள் ஜீப் தண்ணீரில் இறங்க மறுத்தது. நான்தான் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். தங்கையிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது என் மனைவி.

"ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நியாயமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னுமில்லங்க சார்."

அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வண்டி தண்ணீரில் போகிற அழகைப் பார்த்து இளையவர் விலை கேட்டார்.

இனி ஓடை. இரண்டு நாளாக மேல்மலையில் மழை. எங்கள் பக்கம் வெயில். காலை பத்து மணிக்கு நான் டவரில் நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தேன். மேலே ஏறும்போது பையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. விழுந்தால் கீழே இருப்பவர் தலை போய்விடும். சட்டையைக் கழற்றி ஜெனரேட்டர் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவேன். இன்ஜின் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். பச்சை வண்டி முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் தங்கையின் கார் நின்றது. போனில் பேசி வைத்திருக்கிறார்கள். சிக்னலுக்கு நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அவசரப்படாமல் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் கொக்கியை மாட்டிக் கழற்றித்தான் இறங்க வேண்டும். ஓடைக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது வண்டி நட்டாற்றில் நின்றது. பின் சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றிக் கல்லைத் தோண்டிப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தன. தண்ணீர் கதவின் பாதி வரை. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது; பச்சைக்கு இன்ஜின் காற்று இழுக்கிற குழாய் கூரை உயரத்தில்.

ஜன்னலில் தலையை நீட்டினாள். குரலில் கோபம் இல்லை. உப்பு எங்கே என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

"என்னங்க, முன் சக்கரம் இழுக்கல. இந்தச் சின்னதை எப்படிப் போடணும்?"

"எங்க போற?" என்றேன்.

"அந்தப் பக்கம்."

அதன் பிறகு நான் பேசவில்லை. தங்கை கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கரையிலிருந்து கத்தினாள். "அத்தான், சொல்லுங்க அத்தான்! தண்ணி ஏறுது, தெரியலையா?" தெரிந்தது. டவரில் இருக்கும்போதே மேலே தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதைப் பார்த்துவிட்டேன். அது எங்கள் இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்றும் எனக்குத் தெரியும்.

அவள் தானே முயன்றாள். லீவரை முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். பற்சக்கரம் நறநறவென்று அரைபட்டது. எனக்குப் பல் கூசியது. கதவைத் தள்ளிப் பார்த்தாள், தண்ணீர் விடவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டாள். பிறகு இன்னொரு தரம், "ஏங்க." பிறகு வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது, மெதுவாக, யாரோ தோளால் தள்ளுவது போல. சாய்ந்தது. பிறகு கூரை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. தங்கையின் போனில் பதினோரு நிமிடம் பதிவாகியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? நியூட்ரலில் வை, சின்ன லீவரைக் கீழே அழுத்து, அழுத்தியபடியே பின்னால் இழு. அவ்வளவுதான். வண்டி சிரித்துக்கொண்டே ஏறியிருக்கும். நான் வாயைத் திறந்து தயாராகத்தான் நின்றேன். அந்தப் பக்கம் போவதற்கு வழி கேட்டாள். அதற்கு என்னால் எப்படிச் சொல்ல முடியும்? இந்தப் பக்கம் திரும்பி வர வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். கடைசிவரை காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அது அவள் எடுத்த முடிவு, மேடம். நான் அவளை எதற்கும் கட்டாயப்படுத்தியதே இல்லை.