லாஸ்ஸேவுக்குப் பதினாலு

— அஞ்சரைக்கு எந்திரிச்சேன். கார் எஞ்சின் குளிர்ல உறையாம இருக்க ராத்திரி கரண்ட்ல போட்ட பிளக்கைக் கழட்டினேன். காபி. வெண்ணெய் தடவின ரொட்டி ரெண்டு. அப்புறம் இந்தச் சம்பளப் பட்டியல். அவ்வளவுதான், லோர்ன்.

— டெரிக், என் ராஜா, நீ காலைல என்ன தின்னேன்னு கேட்டனா? வெள்ளிக்கிழமை லாஸ்ஸேவுக்குப் பதினாலு போட்டிருந்தே. இன்னிக்கு ஒன்பது. மூணு நாள்ல நம்ம கோல்கீப்பர் என்ன பாவம் பண்ணான்?

— ஒண்ணும் பண்ணல.

— பின்ன?

— டீம் சம்பளம் மொத்தம் நூறு டாலர்னு வெச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு காசு ஹாக்கி லீக் விடாது. இருபத்துமூணு பேர். பதினாலை அவனுக்கே கொடுத்தா, டிஃபென்ஸ்ல கடைசி ரெண்டு பேரும் கத்துக்குட்டிங்கதான்.

— அப்ப ஒன்பது.

— ஒன்பதுக்கு அவன் இருக்க மாட்டான்.

— அப்ப பதினாலு!

— தெரியல. சின்னப் போர்வை மாதிரி இருக்கு. தலையை மூடினா கால் தெரியுது.

— அட என்னப்பா! உனக்குத் தெரியும்னுதானே வேலைக்கு வெச்சேன்? பதினோரு மணிக்கு அவன் ஏஜென்ட் ஃபோன் பண்ணுவான். நான் என்ன, வின்னிபெக் வானிலை பேசவா?

— மைனஸ் முப்பத்தாறு.

— என்னது?

— வெளிய.

— கடவுளே... சரி, விடு. நானே சொல்றேன். பதினாலு. "லாஸ்ஸேவை விட்டுடாதீங்க"ன்னு உன் பொண்டாட்டி மார்லா கடைசியா சொன்னான்னு அவ அடக்கத்தப்ப சர்ச்ல நீதானே சொன்னே? டீம் முதலாளியம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. செத்தவ வார்த்தையை மீறி நான் அவனை அனுப்ப மாட்டேன்ப்பா.

— அதைக் கணக்குல சேக்காதீங்க.

— ஏன்?

— அவ அப்படிச் சொல்லல.

— டெரிக்.

— சர்ச்ல எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்க. ஏதாவது சொல்லணும். அவளுக்கு லாஸ்ஸேன்னா பிடிக்கும். வாய்ல அதான் வந்துச்சு.

— டேய், அதை நம்பி ஒரு வருஷமா அவனை யாருக்கும் விக்காம வெச்சிருக்கேன்டா! வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிச்சேன்!

— தெரியும்.

— இப்ப நான் எதை நம்பி எந்த நம்பரைச் சொல்றது? சரி, நெஜமா என்னதான் சொன்னா?

— போன ஜனவரி. இதே குளிர். நான் இதே மாதிரி ஒரு பட்டியலைப் போட்டுக்கிட்டிருந்தேன். படுக்கப் போறப்ப ஒண்ணு கேட்டா. நான் தலை நிமிரல. "ம்"னேன். விடியக்காலைல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா, பேச்சே வரல. ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம்னாங்க. தூக்கிட்டுப் போய்க் கார்ல உக்கார வெச்சேன். சாவியைத் திருகினேன், திருகினேன். எஞ்சின் உறைஞ்சு கல்லாட்டம் கிடந்துச்சு.

— என்ன கேட்டா, தம்பி?

— "காருக்குப் பிளக் போட்டுட்டியா?"